இஸ்திரி ஐயாவின் இடது கன்னம்

ஜூன் 7, வெள்ளி

முகத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். "என்ன பயிற்சி செஞ்சீங்க, எத்தனை தடவை, என்ன மாற்றம் தெரியுது, எல்லாத்தையும் குறிச்சு வைங்க சார். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நான் பாக்கிறேன்." அதற்காகத்தான் இந்த நோட்டு. வேறு எதுவும் இதில் எழுதுவதாக இல்லை.

நடந்தது இது. நேற்றுக் காலை வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்து பனியன் நனைந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் என் முகத்தின் இடது பாதி என் பேச்சைக் கேட்கவில்லை. வாய் வலது பக்கம் கோணியிருந்தது. இடது கண் மூட மறுத்தது. மீசையின் ஒரு நுனி மேலே, ஒரு நுனி கீழே.

என் மனைவி அரசி என்னைப் பார்த்த உடனே தான் வேலை செய்யும் தபால் நிலையத்துக்குப் போன் செய்து விடுப்புச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். வழி முழுவதும் என் இடது கையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். மருத்துவர் கையைத் தூக்கச் சொன்னார், காலை உதைக்கச் சொன்னார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார்.

"பக்கவாதம் இல்லை, பயப்படாதீங்க. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் சரியாயிடும். ஒரு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்."

"திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குதுங்க" என்றேன்.

"போங்களேன். முகத்துக்குத்தானே வந்திருக்கு, படிப்புக்கு வரலையே" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

பயிற்சி: புருவம் தூக்குதல் பத்து, கண்ணை இறுக மூடுதல் பத்து, கன்னம் உப்புதல் பத்து, விசில் பத்து. மாற்றம்: இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

அரசி மருத்துவ விடுப்புப் போடச் சொல்கிறாள். நான் மாட்டேன் என்றேன். விடுப்புப் போட்டால் ஆசிரியர்கள் வாழைப்பழச் சீப்போடு நலம் விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள். என் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்கள். அதைவிட வகுப்பே மேல்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆகஸ்டில் பள்ளியின் அறுபதாம் ஆண்டு விழா. பதினோரு ஆண்டுகளாக விழா மேடையில் மைக் என்னிடம்தான். ஜூன் மாதமே விடுப்பில் போனால் அது வேறு கைக்குப் போய்விடும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். விருத்தாசலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும், தமிழாசிரியர் பூவராகவன் என்றால் யோசிப்பார்கள், 'இஸ்திரி ஐயா' என்றால் உடனே கை காட்டுவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கஞ்சி போட்ட சட்டை ஆறு, ஆறு நாளுக்கு. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை தலைக்கு மை. மீசைக்கு என்று தனிக் கத்தரி. காலை எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நிற்பேன். பொத்தான் அறுந்த சட்டை, ஒழுங்காகச் சீவாத தலை, மடிக்காத சடை எதுவும் என்னைத் தாண்டி உள்ளே போகாது. என் கையில் ஒரு தகர டப்பா இருக்கும். அதில் ஊசி, நூல், பொத்தான், ஊக்கு, கொண்டை ஊசி, சீப்பு. வசதியான வீட்டுப் பிள்ளை கசங்கிய சட்டை போட்டால் ஸ்டைல் என்பார்கள். நம் பிள்ளை போட்டால் சோம்பேறி என்பார்கள். நான் கல்லூரியில் சேரப் போனபோது அலுவலக வாசலில் நின்றவன் என் சான்றிதழைக் கேட்கவில்லை, சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஓரமாக நிற்கச் சொன்னான். அதனால்தான் இந்த டப்பா.

முடிவு செய்துவிட்டேன். மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறேன். ஜலதோஷம் என்று சொன்னால் போதும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.

பயிற்சி: மூன்று வேளை. மாற்றம்: இல்லை.

ஜூன் 10, திங்கள்

வெற்றி. யாருக்கும் தெரியவில்லை.

வாசலில் வழக்கம்போல் நின்றேன். ஆகாய நீலச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வெள்ளை மாஸ்க். பையன்கள் கொஞ்சம் மிரண்டுதான் போனார்கள். ப, ம இரண்டும் உதடு சேர்ந்தால்தான் பிறக்கும் என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். உதடு சேராவிட்டால் என்ன ஆகும் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு பையனிடம் 'பொத்தான்' என்றேன், காற்றுதான் வந்தது. ஆகவே பேசாமல் விரலால் சுட்டிக் காட்டினேன். அதுவே நன்றாக வேலை செய்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முதல் செய்யுள். புத்தகத்தைத் திறந்து எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்தாள்.

"ஐயா, நான் படிக்கட்டுங்களா?"

கொளஞ்சி. போன வருடம் முழுவதும் என் வகுப்பில் வாயே திறக்காத பெண். நிறுத்தி நிதானமாகப் படித்தாள். உட்கார்ந்த உடனே அடுத்த செய்யுளுக்கு இன்னொருவன் எழுந்தான். நான் பொருள் மட்டும் சொன்னேன், பாதியைக் கரும்பலகையில் எழுதினேன். இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆர்வம் கூடியிருக்கிறது. போன வருடம் நான் எடுத்துக்கொண்ட சிரமத்தின் பலன்.

மதியம் நூலகத்தில் தனியாகச் சாப்பிட்டேன். தயிர்சாதம் வழிந்தது.

ஜூன் 12, புதன்

அலுவலக உதவியாளர் ஆரோக்கியசாமி நூலகத்துக்கே டீ கொண்டுவந்தார். டம்ளரில் ஒரு ஸ்ட்ரா.

"எதுக்குங்க இது?"

"டம்ளர் ஓரம் கொஞ்சம் உடைஞ்சிருக்குங்கையா. உதட்டைக் கிழிச்சிடும்."

கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உடைந்த இடம் தெரியவில்லை. வலது ஓரத்தில் ஸ்ட்ராவை வைத்துக் குடித்தேன். ஒரு சொட்டு வழியவில்லை.

கொளஞ்சி பற்றி நேற்று முன்தினம் எழுதியிருந்தேன். போன வருடம் முடி விஷயத்தில் அவளோடு சின்னப் பிரச்சினை. இடது நெற்றிப் பக்கம் முடியைக் கன்னம்வரை விட்டுக்கொண்டு வருவாள். முகத்தில் முடி விழக் கூடாது என்பது விதி. சொன்னேன், திருத்திக்கொண்டாள். முடிந்த கதை.

ஜூன் 14, வெள்ளி

வகுப்பில் என் நாற்காலிக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பிள்ளைகளே நிறுத்திவிடுகிறார்கள். சத்தம் வருகிறதாம். எனக்கும் நல்லதாய்ப் போயிற்று. காற்று பட்டால் மூடாத கண் எரிகிறது.

பயிற்சி: விசில் வரவில்லை. 'ஃபூ' என்று வருகிறது. அரசி அடுப்படியிலிருந்து, "யாரு அங்க கொசு விரட்டுறது?" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

பத்து நாளாக நான் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. சவரம்கூடத் தடவிப் பார்த்தே செய்கிறேன். இன்று காலை அரசி கண்ணாடி முன் நிதானமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியோரத்து முடியை ஒதுக்கி, வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் திரும்பி.

"இன்னிக்கு ஏதும் விசேஷமா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லீங்க. இருபத்தொரு வருஷத்துல இப்பத்தான் இந்தக் கண்ணாடி எனக்குக் கிடைச்சிருக்கு. இவ்வளவு நாளும் தபால் ஆபீசுல போயித்தான் பொட்டு நேரா இருக்குதான்னு அடுத்த டேபிள்காரம்மாகிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்."

நான் அப்படியா கண்ணாடியை மறித்துக்கொண்டு நின்றேன்? பொட்டு அவளுக்கு நன்றாக இருக்கிறது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அந்த முதல் எழுத்தே ப.

ஜூன் 19, புதன்

மருத்துவர் கொடுத்த மாத்திரை முடிந்தது. மாற்றம்: இல்லை. நாக்கின் பாதியில் ருசி தெரியவில்லை. ரசமும் மோரும் ஒன்றுபோல் இருக்கின்றன.

ஜூன் 21, வெள்ளி

பயிற்சிப் பெண்ணிடம் போனேன். நோட்டைக் கேட்டார். இதை எப்படிக் காட்டுவது? வீட்டிலேயே ஒரு தாளில் எண்ணிக்கையை மட்டும் தனியாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். பார்த்துவிட்டு, புருவத்தில் லேசான அசைவு இருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. அரசியும் கூட வந்திருந்தாள். தனக்கு நாலு நாளாகவே தெரியும் என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கண்ணாடிக்குத் திரும்ப வந்துடுவீங்க."

ஜூன் 26, புதன்

இன்று கேட்டது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

டீயில் ஸ்ட்ரா தினமும் வருகிறது. இன்று கொண்டுவந்தது எவர்சில்வர் டம்ளர். "ஆரோக்கியசாமி, எவர்சில்வர் எப்படி உடையும்?" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கையா. பள்ளிக்கூடம் திறந்த மறுநாளு பன்னண்டாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. ஒரு கட்டு ஸ்ட்ராவக் குடுத்து, ஐயாவுக்கு டீ குடுத்தா இத போட்டுக் குடுங்க, ஏன்னு கேட்டா வேற ஏதாச்சும் சொல்லுங்கன்னுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"கொளஞ்சி."

"உங்களுக்கும் தெரியுமா? என் முகம்?"

"எல்லாருக்கும் தெரியுங்கையா. நீங்க பேசறப்ப மாஸ்க்கு ஒரு பக்கந்தானே அசையுது."

மாஸ்க் ஒரு பக்கம் அசையும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மெதுவாக விசாரித்தேன். முதல் நாள் காலை மணி அடிப்பதற்குள் வாசலில் பார்த்ததை வைத்துச் சில பையன்கள் என்னைப்போல் வாயைக் கோணிக்கொண்டு பேசிக் காட்டினார்களாம். கொளஞ்சி எழுந்துபோய் வகுப்பின் கதவைச் சாத்திவிட்டு ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று ஆரோக்கியசாமிக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் யார் எந்தச் செய்யுளைப் படிப்பது, மின்விசிறியை யார் நிறுத்துவது என்று முறை போட்டுக்கொண்டார்களாம்.

பதினேழு நாள். நான் அதை ஆர்வம் என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 27, வியாழன்

மாஸ்க் இல்லாமல் போனேன். கறுப்புக் கண்ணாடியும் இல்லை. கண் எரிந்தால் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை மட்டும். எட்டே முக்காலுக்கு வாசலில் நின்றேன். பிள்ளைகள் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். ஆறாம் வகுப்புக் குட்டிப் பெண் ஒருத்தி மட்டும் நின்று, "வலிக்குதுங்களா ஐயா?" என்றாள். இல்லை என்றேன். போய்விட்டாள்.

பன்னிரண்டு 'ஆ'வில் நுழைந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எனக்கு முகவாதம் வந்திருக்கு. கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றேன். காற்றோடுதான் வந்தது. ஒரு கை உயர்ந்தது. முருகவேல்.

"ஐயா, காலாண்டுத் தேர்வுக்கு இந்த இயல் உண்டுங்களா?"

உண்டு என்றேன். "ஐயோ" என்றான். பாடம் நடந்தது.

ஜூன் 28, வெள்ளி

கொளஞ்சியிடம் பேச வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

பேச வேண்டும். இன்று அவள் தோழிகளோடு இருந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

மழை. பேசவில்லை.

ஜூலை 4, வியாழன்

விடைத்தாள் திருத்தும் வேலை. பேசவில்லை. விடைத்தாளும் அதிகம் இல்லை.

ஜூலை 6, சனி

ஜூன் 12-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். 'சொன்னேன், திருத்திக்கொண்டாள்.' தேர்வில் ஒரு மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்கூடத் தந்திருக்க மாட்டேன்.

நடந்தது வேறு. போன ஜூலை. அவள் பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முடியை ஒதுக்கச் சொல்லி இரண்டு முறை சொல்லியும் ஒதுக்கவில்லை. மூன்றாம் முறை வாசலிலேயே நிறுத்தினேன். "ஐயா, நாளைக்கு வர்றப்ப" என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு கொண்டை ஊசி எடுத்துக் கொடுத்து, இங்கேயே குத்திக்கொள் என்றேன். நான்கு வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முடியைத் தூக்கிக் குத்தினாள். நெற்றிப் பொட்டிலிருந்து கன்னம்வரை வெள்ளைத் தழும்புபோல் தோல் நிறம் மாறியிருந்தது. பின்னால் யாரோ "ஐயே" என்றது கேட்டது. எனக்கும் ஒரு நொடி திக்கென்றது. அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நான் விதி விதிதான் என்று காட்டிக்கொள்வதற்காக, "இப்பத்தான் லட்சணமா இருக்கு, போ" என்றேன்.

லட்சணமா இருக்கு என்றேன். எனக்கே கேட்டது அது எப்படி ஒலித்தது என்று.

நாலு நாள் அவள் வரவில்லை. பிறகு வந்தாள், முடியைப் பின்னுக்கு இழுத்துச் சீவி. விதி வென்றது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் வகுப்பில் பேசவில்லை.

இதை அரசியிடம் இன்றுதான் சொன்னேன். கேட்டுவிட்டு, இருந்த துணியையெல்லாம் மடித்து முடித்தாள். பிறகு, "திங்கக்கிழமை பேசிடுங்க. விடைத்தாள் ஏதும் திருத்தாதீங்க" என்றாள்.

ஜூலை 8, திங்கள்

பேசினேன்.

மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றிருந்தாள். கூட ஒரு தோழி. நான் வருவதைப் பார்த்து இருவரும் நகரப் பார்த்தார்கள். "கொளஞ்சி, ஒரு நிமிஷம்மா" என்றேன். தோழி கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள், எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு.

"போன வருஷம் வாசல்ல உன்னை நிறுத்தினேனே, அது தப்பும்மா. நாலு நாள் நீ வரலை. எனக்கு அது அப்பவே உறைச்சிருக்கணும்."

"ஆறு நாளுங்கையா."

"ஆறா?"

"ஆறு. அதுக்கு நடுவுல சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வெச்சாங்க, அதுக்கும் வரலை. அத சேத்தா ஏழு."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். கணக்கில் தவறு இருந்தால் திருத்துவதைப்போல.

"இந்த வருஷம் எனக்காக ஏம்மா இவ்வளவும் செஞ்ச? ஸ்ட்ரா வரைக்கும்?"

யோசித்தாள். "உங்களுக்குன்னு செய்யலீங்கையா. அன்னிக்குப் பசங்க உங்கள மாதிரி பேசிக் காட்டுனாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வாசல்ல நின்னாப்பலயே ஆயிடுச்சு. அந்தச் சிரிப்ப இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது. அதான்."

"என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"சிரிக்கிறவங்க மொதல்ல என்னைப் பாத்து சிரிச்சிட்டு அப்புறம் ஐயாவப் பாத்து சிரிங்கன்னேன்."

அவளே தொடர்ந்தாள்.

"நானும் ஒம்பதாவதுல மாஸ்க் போட்டுப் பாத்தேங்கையா. ஒண்ணும் உதவாது. சாப்பாட்டு மணி அடிச்சா மாட்டிக்குவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு பக்கமாகத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றேன். முதல் எழுத்தில் காற்றுதான் வந்தது.

"விளங்குச்சுங்கையா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மணி அடித்தது, தோழியோடு போய்விட்டாள்.

பயிற்சி: இன்று செய்ய மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

தலைமையாசிரியை அறைக்குப் போனேன். மாணவர் கையேட்டைத் திறந்து ஒழுங்கு விதிகளில் ஏழாவது வரியைக் காட்டினேன். 'முகத்தில் முடி விழக் கூடாது.'

"இதை எடுத்துடலாங்க மேடம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எழுதினதுதானே சார் இது?"

"ஆமாங்க. தப்பா எழுதிட்டேன்."

"எழுத்துப்பிழையா?"

"இல்லைங்க. கருத்துப்பிழை."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்தால் பையன்களும் முடி வளர்ப்பார்கள், பெற்றோர் கேட்பார்கள், நாளைக்கு எல்லாரும் சினிமாவில் வருகிற மாதிரி வந்து நிற்பார்கள் என்றார். எல்லாம் நான் ஒன்பது வருடமாகச் சொல்லிவந்த காரணங்கள்தான். அவருக்கே அவை என்னிடமிருந்து கிடைத்தவை. கொளஞ்சியின் பெயரைச் சொல்லாமல், வாசலில் நான் செய்ததை மட்டும் சொன்னேன். அவர் கையேட்டை மூடி மறுபடி திறந்தார்.

"தலை சுத்தமா, சீவி இருக்கணும். அது இருக்கட்டும். முகத்துல விழறது அவங்கவங்க இஷ்டம். அப்படி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். வேறு வரிகளையும் படித்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு வரிகள் உறுத்துகின்றன. அவற்றைப் பிறகு பார்க்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

காலை பல் தேய்க்கும்போது தண்ணீர் வழியவில்லை. "அரசி" என்று கூப்பிட்டேன். ஓடிவந்தாள். கொப்பளித்துக் காட்டினேன். மறுபடி காட்டச் சொன்னாள். ஐந்து முறை காட்டினேன். சொம்பு காலியானது.

ஜூலை 17, புதன்

காலைக் கூட்டத்தில் புதிய விதியைப் படித்தார்கள். நாளைக்கே கொளஞ்சி முடியை விட்டுக்கொண்டு வருவாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது. இதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

அவள் சீவிக்கொண்டுதான் வருகிறாள்.

ஜூலை 22, திங்கள்

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். விழா பற்றி. நேராகச் சொல்லாமல் பந்தல், சிறப்பு விருந்தினர், ஒலிபெருக்கி என்று சுற்றி வந்தார். பிறகு, "இந்த வருஷம் தொகுத்து வழங்கறதுக்கு வணிகவியல் உதயகுமார் சாரைக் கேக்கலாமான்னு. உங்களுக்குச் சிரமமா இருக்குமே சார்" என்றார்.

எனக்கு இப்போது கண் முக்கால்வாசி மூடுகிறது. சிரிப்பு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. ஆனால் 'பெருமதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தால் மைக்கில் புயல் அடிப்பதுபோல் கேட்கும். அது எனக்கும் தெரியும்.

"உதயகுமார் நல்லா செய்வாருங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு 'பெருமதிப்பிற்குரிய' என்று இருபது முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறை சரியாக வந்தது. வெளியே வந்தபோது அரசி ஒன்றும் கேட்காமல் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். ருசி இரண்டு பக்கமும் தெரிந்தது. எட்டுத் தின்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

தலைக்கு மை வைத்து இரண்டு மாதமாகிறது. காதோரம் வெள்ளையாகிவிட்டது. இன்று வைக்கலாம் என்று கிண்ணத்தை எடுத்தேன். கண்ணாடி முன் அரசி நின்றிருந்தாள். அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. அப்படியே போனேன். உலகம் நின்றுவிடவில்லை. சட்டைக்கு மட்டும் கஞ்சி விடமாட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கொளஞ்சி இன்று இடது பக்க முடியைக் கன்னத்தில் விட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் வணக்கம் வைத்தாள், நானும் வைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்றும் இன்றும் சீவிக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை. அவளுக்கு எந்த நாள் எப்படித் தோன்றுகிறதோ அப்படி. அவளுக்குப் பின்னால் வந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு மேல் பொத்தான் இல்லை. ஓரமாகக் கூட்டிப்போய், யாரும் பார்க்காத இடத்தில் தைத்துவிட்டேன். இவ்வளவு நாள் ஏன் வாசலிலேயே வைத்துத் தைத்தேன் என்று தெரியவில்லை.

பயிற்சி: விசில் வந்துவிட்டது. தெருநாய் திரும்பிப் பார்த்தது.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று மாலை விழா.

பட்டு வேட்டி, சந்தன நிறச் சட்டை. அரசி மாம்பழ நிறத்தில் புதுப்புடவை கட்டியிருந்தாள். பதினோரு வருடம் அவளைப் பந்தலில் எங்கேயோ உட்கார வைத்துவிட்டு நான் மேடைக்குப் போய்விடுவேன். எங்கே உட்கார்ந்தாள், என்ன பார்த்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நேற்று முதல் முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாலாவது வரிசை. இடது கன்னம் யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று பந்தலின் இடப்பக்கத் தட்டியோர நாற்காலியாகப் பார்த்து உட்காரப் போனேன். இன்னும் முழுதாகச் சரியாகவில்லையே.

"தள்ளுங்க. அங்க நான் உக்காந்துக்கிறேன்" என்றாள் அரசி.

"ஏன்?"

"அந்தப் பக்கம் எனக்கு."

தள்ளி உட்கார்ந்தேன்.

உதயகுமார் நன்றாகவே செய்தார். என் அளவுக்கு ஏற்ற இறக்கம் இல்லை. கடைசிச் சொல்லை விழுங்குகிறார். நாற்காலியின் கைப்பிடியில் என் விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். முந்நூறு பேர் இருப்பார்கள். ஒருவர்கூட உதயகுமாரைப் பார்க்கவில்லை. திரையோரத்தில் தன் பிள்ளையின் தலை தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்க்கிறார்கள். செல்போனைச் சரிசெய்கிறார்கள். கைக்குழந்தைக்கு முறுக்கு ஒடித்துக் கொடுக்கிறார்கள். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். என்ன நிறம் என்று கேட்டால் இந்தப் பந்தலில் எவருக்கும் சொல்லத் தெரியாது.

எந்தச் சட்டை, எந்தக் கரை வேட்டி என்று பதினோரு வருடமும் ஒரு வாரம் முன்னாலிருந்தே யோசித்தவன் நான். சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொள்ளாமல், கோணினால் கோணட்டும் என்று சிரித்தேன்.

"என்னங்க?" என்றாள் அரசி.

"மைக்ல நிக்கிறவனை ஒருத்தரும் பாக்கலையே. இத்தனை வருஷமா நான் யாருக்காக இஸ்திரி போட்டேன்?"

அரசி மேடையைப் பார்த்தபடியே, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."